ஆர்க்கிட் தொட்டியில் எறும்பும் நத்தையும்

மலைப்பகுதிச் செடி என்று ஒதுக்கப்பட்டிருந்த ஆர்க்கிட், நிழல்வலையின் உதவியால் சமவெளியிலும் வளர்க்கப்படுகிறது. டென்ட்ரோபியம் வகை வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடியது. ஆகவே மதுரையைச் சுற்றி மல்லிகைத் தோட்டத்தோடு சிறு நாற்றுப்பண்ணையும் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றது. இச்செடி மண்ணில் வளர்வதில்லை. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு ஆகியவற்றை நிரப்பிய தொட்டியில் வளர்கிறது. வேருக்குக் காற்றோட்டம் தரும் அதே இடுக்குகள்தான் எறும்பு, நத்தை, மரவட்டை, பூரான் போன்றவற்றுக்கும் குடியிருப்பாகின்றன.

தொட்டியில் ஏதாவது ஊர்ந்தால் உடனே குருணை மருந்தை அள்ளிப் போடும் பழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு கிடைத்தாலும் வாங்கக்கூடாது. அது ஒருபுறமிருக்க, தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் பூச்சி பல சமயங்களில் செடியைத் தின்னும் பூச்சியே அல்ல. எது எதற்காக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

முதலில் எறும்பு. எறும்பு ஆர்க்கிட் இலையைத் தின்பதில்லை. மாவுப்பூச்சியும் மென்செதில் பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற இனிப்புக் கழிவை வெளியேற்றுகின்றன. அதை உண்ணவே எறும்பு வருகிறது. நாம் பாலுக்காகப் பசு வளர்ப்பதுபோல் எறும்பு மாவுப்பூச்சியை வளர்க்கிறது என்றால் மிகையாகாது. குஞ்சுகளைத் தூக்கிச் சென்று புதுத் தளிரில் விடும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் விரட்டும்.

இந்தக் குளவிகளின் அருமையை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம். 2008-ல் கோவையில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்களைச் சூறையாடியது. எத்தனை மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி பெங்களூர் வழியாகக் கொண்டுவரப்பட்டு வயல்களில் விடப்பட்டது. அதன் பிறகே அப்பூச்சி கட்டுக்குள் வந்தது. எறும்பை அடக்கினால் இத்தகைய நண்பர்கள் தம் வேலையைச் செய்ய வழி பிறக்கும்.

ஆகவே எறும்பைக் கண்டதும் இலையடியையும் தண்டின் மேலுறையையும் விலக்கிப் பாருங்கள். வெண்பஞ்சு போல் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. சில செடிகளில் வேரிலும் இருக்கும். இலைமேல் கரும்பூசணம் படர்ந்திருப்பதும் ஓர் அறிகுறி. பஞ்சு எதுவும் இல்லாமல் மொட்டுகளில் மட்டும் எறும்பு மொய்த்தால் கவலை வேண்டாம். ஆர்க்கிட் மொட்டே இனிப்புத் துளியைச் சுரக்கும். அதற்காக வந்த விருந்தாளி அது.

மாவுப்பூச்சி இருந்தால், சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கவும். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். முதலில் ஒரு தொட்டியில் தெளித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் ஒரே தெளிப்பில் அழியா. எனவே பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளிக்க வேண்டும்.

தொட்டிக்குள்ளேயே எறும்பு புற்று வைத்திருந்தால், காலை வேளையில் தொட்டியை வாளித் தண்ணீரில் விளிம்பு வரை அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்கவும். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். ஒளிந்திருக்கும் நத்தைகளும் மேலே வரும். ஒரு தொட்டி மூழ்கிய தண்ணீரில் அடுத்ததை அமிழ்த்தக்கூடாது. அழுகல் நோய் பரவும். பிறகு, பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களுக்கு நம் வீடுகளில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே முறையைத் தொட்டி அடுக்கும் மேஜைக்கும் கையாளலாம். கொசு முட்டையிடாதிருக்கத் தண்ணீரில் சில துளி எண்ணெய் விடவும். தொங்கும் தொட்டியின் கம்பியில் கிரீஸ் தடவினால் போதும்.

புற்று வெளியில் இருந்தால் 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, துளையிட்ட மூடியுள்ள டப்பாவில் வைக்கவும். வேகமாகக் கொல்ல வேண்டும் என்று போரிக் அமிலத்தை அதிகமாக்குவது வீண். வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்தால் ராணி எறும்புக்கு மருந்து போய்ச் சேராது. குழந்தைகளும் கோழிகளும் அணுகாத இடத்தில் வைப்பது அவசியம்.

எறும்பைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். மதுரைக்கு வடக்கே, நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ல் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, ஆடுமாடுகளையும் பயிரையும் பாதிப்பதாக மக்கள் முறையிட்டனர். இந்த எறும்பு கடிப்பதில்லை. பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. மண், மரம், செடித்தொட்டி ஆகியவற்றோடு ஊர்விட்டு ஊர் செல்லக்கூடியது.

நத்தைதான் உண்மையான எதிரி. இரவில் வந்து, பச்சை வேர்நுனியையும் மொட்டையும் கடித்துவிட்டுப் போகும். காலையில் மினுமினுக்கும் கோடு காட்டிக் கொடுக்கும். 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தை இன்று நாடெங்கும் பரவியுள்ளது. கோடையில் ஓட்டை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் எழுந்துவிடும். மாலையில் ஈரச்சாக்கை விரித்து, அதனடியில் பப்பாளி இலையையோ முட்டைக்கோஸ் இலையையோ வைத்தால், விடியற்காலையில் அங்கே கூடியிருக்கும். பொறுக்கி உப்புக் கரைசலில் போட்டுக் கொல்லலாம். தொட்டியில் உப்பைத் தூவக்கூடாது, வேர் கருகிவிடும். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒருவகைப் புழு இந்த நத்தையில் இருக்கக்கூடும். ஆகவே வெறுங்கையால் தொடாமல், உறையோ பாலிதீன் பையோ அணிந்து எடுக்க வேண்டும்.

மரவட்டை மக்கியதைத் தின்பது. அது கூட்டமாக வந்தால் மட்டைத் துண்டு மக்கிவிட்டது என்று பொருள். மருந்தடிப்பதை விட்டு, தொட்டியில் நிரப்பியதை மாற்றுங்கள். பூரான் மற்றப் பூச்சிகளைத் தின்னும். கைக்குத்தான் எச்சரிக்கை தேவை, செடிக்கு அல்ல.

வெளியிலிருந்து வாங்கி வரும் தொட்டி எதையும், அது ஆர்க்கிட்டோ செம்பருத்தியோ, நேராக மல்லிகைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை தண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, பதினைந்து நாள் தனியே வைத்து, இலையடியைப் பார்த்த பின்னர் மற்றச் செடிகளோடு சேர்க்கவும்.