கண்ணீர் கொட்டுது... ஆனால் கண் வறண்டு போச்சு!
கண்ட சொட்டு மருந்தை வாங்கி ஊற்றினால் பார்வைக்கே ஆபத்து

மத்திகிரி,-

ஷிப்டு முடிந்து மத்திகிரி கூட்ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும். இறங்குகிற கூட்டத்தில் சிலர் கண்ணைக் கசக்கிக் கொண்டே இறங்குவார்கள்.

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது", "எரியுது", "சாயங்காலம் ஆனா தண்ணியா கொட்டுது" - இதெல்லாம் இங்கே பழகிப்போன பேச்சு. மூன்று மொழி புழங்கும் ஊர். கன்னடத்தில் "கண்ணு உரி" என்பார்கள். தெலுங்கில் "கள்ளு மண்ட்ட" என்பார்கள். (தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். வேறு அர்த்தம் வேண்டாம்!) எந்த மொழியில் சொன்னாலும் எரிச்சல் ஒன்றுதான்.

அடுத்து என்ன நடக்கும்? நேராக மெடிக்கல் ஷாப். "அண்ணே, கண் எரிச்சலுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க." கைக்கு வந்த பாட்டிலை வாங்கி, ஆளுக்கு இரண்டு சொட்டு ஊற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் எரிச்சல் குறைந்திருக்கும். "நல்ல மருந்துப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் அந்த பாட்டில் போகும்.

ஆபத்து ஆரம்பிப்பது அங்கேதான்.

மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த எரிச்சலுக்குப் பல பேரிடம் காரணமாக இருப்பது "உலர் கண்" என்ற நோய். கண்ணின் ஈரம் நிற்காமல் காய்ந்து போவதுதான் அது. இந்தியாவில் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்குகளில், கண் காட்ட வந்தவர்களில் 100க்கு 18 பேர் முதல் 54 பேர் வரை இது இருந்ததாகத் தெரிய வந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக அளந்திருக்கிறார்கள். எப்படி அளந்தாலும் அபூர்வ நோய் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

ரசத்தின் மேல் எண்ணெய்

"கண்ணில் இருந்து தண்ணி கொட்டுது. இதைப் போய் வறட்சி என்கிறார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி!

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் மூன்று சரக்கு இருக்கிறது. விழியோடு ஒட்டிக் கொள்ள அடியில் ஒரு வழவழப்பு. நடுவில் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். ரசத்தின் மேல் எண்ணெய் மிதக்கிறதல்லவா, அது போல.

இந்த எண்ணெய், இமை ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு சுரப்பிகளில் இருந்து வருகிறது. மேல் இமையில் 25 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த மைபோம் என்ற டாக்டர் 1666ம் ஆண்டிலேயே இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அந்தச் சுரப்பிகளை அழைக்கிறார்கள்.

சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் வராது. மூடி இல்லாத பாத்திரத்துத் தண்ணீர் போல கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். உலர் கண் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் கோளாறு தண்ணீரில் இல்லை, இந்த எண்ணெயில்தான் என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.

விழி காய்ந்ததும் உறுத்தல் வருகிறது. உறுத்தலைக் கண்டு, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. அதில் எண்ணெய்ச் சத்து போதாது. கன்னத்தில் வழிந்து ஓடிவிடும், கண்ணில் நிற்காது. வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி!

இந்த ஊர்க் காற்று

மத்திகிரியில் 1824ல் குதிரைப் பண்ணை வந்தது. பிறகு அது மாட்டுப் பண்ணை ஆனது. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்த பின்புதான் ஊரின் பிழைப்பு மாறியது. மாடு மேய்த்த கைகள் மிஷினைப் பிடித்தன.

ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3 ஆயிரம் அடி உயரம். குளிர்ச்சியான ஊர் என்று பெயர். மழை ஓய்ந்து மார்கழி, தை மாதத்தில் வீசும் குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. உதடு வெடிக்கிறதல்லவா? உதட்டுக்கு நடப்பதுதான் கண்ணுக்கும்.

அதோடு வேலையும் சேர்ந்து கொள்கிறது. ஏ.சி. ஹாலில் 8 மணி நேரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். சாதாரணமாக மனிதன் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறான். ஒன்றையே உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டினாலும் முழுசாக மூடாமல் அரைகுறையாகவே சிமிட்டுவார்கள். இமை அழுந்தி மூடினால்தான் எண்ணெய் பிதுங்கி வரும். ஆக, சிமிட்ட மறந்தவனுக்கு எண்ணெய் இல்லை.

வேலை முடிந்ததா? கண்ணுக்கு ஓய்வு கிடைத்ததா? அதுவும் இல்லை. பஸ்சில் செல்போன், படுக்கையில் செல்போன். மோட்டார் சைக்கிளில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு வழிக்கு 40 கிலோ மீட்டர் எதிர்காற்று வேறு. ஹெல்மெட் இருக்கும், அதன் கண்ணாடி மட்டும் மேலே தூக்கி விட்டிருக்கும்!

ரோஜாத் தோட்டங்களில் பூச்சி மருந்து அடிப்பவர்கள் தங்கள் எரிச்சலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மருந்து கண்ணில் தெறித்தால் அப்போதே நல்ல தண்ணீரை விட்டு நெடுநேரம் கழுவி, டாக்டரிடம் ஓட வேண்டும்.

காற்றும் வேலையும் மட்டுமே காரணம் இல்லை. வயது ஏற ஏற இது கூடும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் வரும். சளி, அரிப்புக்குத் தின்னும் சில மாத்திரைகளும், மனச்சோர்வு மாத்திரைகளும் கண்ணை வறள வைக்கும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் விஷயம் வேறு. ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஷோகிரன் 1933ல் விரிவாக எழுதிய நோயாக அது இருக்கலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

அந்த பாட்டிலில் என்ன இருக்கு?

ஒரே ராத்திரியில் எரிச்சலைக் குறைத்ததே, அந்த "நல்ல மருந்து"! அதில் பல நேரங்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு. கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வேதனை.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. டாக்டரே சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பது உண்டு. ஆனால் மாதக்கணக்கில், கேட்பாரற்று ஊற்றினால் சிலருக்கு கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் பலருக்குத் தெரிய வரும். போன பார்வை திரும்பாது. இளவயதிலேயே புரை விழவும் இது காரணமாகும். புரையை ஆபரேஷனில் எடுக்கலாம், நரம்பை என்ன செய்வது?

சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் சொட்டு மருந்து இன்னொரு ரகம். ரத்தக் குழாயைச் சுருக்கும். அதன் வேகம் இறங்கியதும் முன்னைவிடச் சிவப்பு ஏறும். மறுபடி ஊற்றத் தோன்றும். காபிப் பழக்கம் மாதிரி!

கை வைத்தியமும் ஆபத்து இல்லாமல் இல்லை. தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. சென்னை அருகே ஒரு கம்பெனியில் தயாராகி அமெரிக்கா போன செயற்கைக் கண்ணீர் மருந்தை, 2023ல் கிருமி பரவிய விவகாரத்தில் திரும்பப் பெற்றார்கள். 18 மாநிலங்களில் 81 பேருக்குக் கிருமி தொற்றியது. 4 பேர் இறந்தார்கள். 14 பேருக்கு பார்வை போனது. 4 பேருக்கு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. இங்கு எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தமிழ்நாடு அதிகாரிகள் கூறினார்கள். தொழிற்சாலையில் குறைபாடுகளைக் கண்டதாக அமெரிக்க அதிகாரிகள் எழுதினார்கள். அந்த மருந்தில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் கிடையாது. அப்படி இருந்தும் பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதனால் செயற்கைக் கண்ணீரே கூடாது என்று அர்த்தம் இல்லை. முனையைக் கண்ணிலோ கையிலோ படவிடாமல், ஒரு பாட்டிலை ஒருவர் மட்டும், லேபிளில் போட்ட நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். திறந்து ஒரு மாதம் ஆனதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

காகிதத் துண்டும் வெந்நீர்த் துணியும்

நோயைக் கண்டுபிடிக்க பெரிய மிஷின் தேவை இல்லை. ஷிர்மர் என்ற ஜெர்மானியர் 1903ல் சொன்ன முறை இன்றும் நடக்கிறது. சின்ன காகிதத் துண்டின் நுனியை மடித்து கீழ் இமைக்குள் மாட்டுவார்கள். 5 நிமிடத்தில் எத்தனை மில்லி மீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 10க்குக் கீழே என்றால் சந்தேகம், 5க்கும் கீழே என்றால் வறட்சி பலம். மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில், கண்ணீர்ப் படலம் எத்தனை வினாடியில் கிழிகிறது என்றும் பார்ப்பார்கள். 10 வினாடி தாங்காவிட்டால் கோளாறு.

வைத்தியத்தில் முதலிடம் காசில்லாத வைத்தியத்துக்கு! சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பிழிந்து, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி நனைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உறைந்த நெய்யை உருக்குவது போல, அடைத்த எண்ணெய் இளகும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெல்ல நீவி விட வேண்டும். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. ஒரு வாரத்தில் பலன் கேட்டால் எப்படி? சில வாரம் பொறுக்க வேண்டும்.

செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நாலு தடவைக்கு மேல் ஊற்ற வேண்டி வந்தால், பாதுகாப்பு ரசாயனம் சேராத ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ரசாயனமே விழியை அரிக்கும். இதற்கும் அடங்காவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து உண்டு. அமெரிக்காவில் 2002ல் அனுமதி பெற்றது, இந்தியாவிலும் கிடைக்கிறது. ஊற்றினால் முதலில் எரியும். குணம் தெரிய ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். இது தெரியாமல் பத்து நாளில் நிறுத்திவிட்டு "டாக்டர் சரியில்லை" என்பவர்கள் அநேகம்.

கண்ணீர் மூக்குக்குள் வடியும் சின்ன துவாரத்தில் அடைப்பான் வைத்து, உள்ள கண்ணீரைத் தேக்கி வைக்கும் முறையும் இருக்கிறது. ஏரிக்கு மதகு அடைப்பது போல! மிகக் கடுமையான நோயில், உதட்டின் உள்பக்கத்து எச்சில் சுரப்பியை எடுத்து இமைக்குள் பொருத்தும் ஆபரேஷன்கூட செய்கிறார்கள். எச்சில் கண்ணீராகிறது.

மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா? அமெரிக்காவில் 535 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2018ல் முடிவு வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெய் தின்றவர்களைவிட மீன் எண்ணெய் தின்றவர்களுக்குக் கூடுதல் குணம் தெரியவில்லை. அந்தக் காசுக்கு மீனே வாங்கலாம்.

ஏ.சி. காற்றும் பேன் காற்றும் முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பி வைப்பதும், ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுவதும், 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் பார்த்து நாலு தடவை அழுத்தமாகச் சிமிட்டுவதும் யாருக்கும் முடிகிற காரியம். கம்ப்யூட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே வைத்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், ஈரம் மிஞ்சும்.

கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினாலோ ஒத்திப்போடக் கூடாது. அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். உள்ளூரில் ஓசூர் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரிய இடம் தேவைப்பட்டால் பெங்களூரில் 1896ல் தொடங்கிய மின்டோ கண் ஆஸ்பத்திரி, சென்னையில் 1819ல் தொடங்கிய எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. இரண்டும் அரசு ஆஸ்பத்திரிகளே.

போகும்போது வீட்டில் உள்ள சொட்டு மருந்து பாட்டில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும், பக்கத்து வீட்டில் வாங்கி ஊற்றியது உட்பட. எதை எத்தனை நாள் ஊற்றினீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.