புளோரின்-18

புளோரின்-18 என்பது புளோரின் தனிமத்தின் கதிரியக்க ஓரிடத்தான்களுள் ஒன்று ஆகும். இதன் அணுக்கருவில் 9 புரோட்டான்களும் 9 நியூட்ரான்களும் உள்ளன. பெட் எனச் சுருக்கமாக வழங்கப்படும் பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பில் மிகப் பரவலாகப் பயன்படுவது இதுவே. மருத்துவத் தேவைக்கான புளோரின்-18 பெரும்பாலும் சைக்ளோட்ரான் எனப்படும் துகள் முடுக்கியில் உருவாக்கப்படுகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 110 நிமிடங்களே என்பதால், இதனை முன்கூட்டியே தயாரித்து இருப்பில் வைக்க இயலாது.

மருத்துவப் பயன்

புளோரின்-18 அணுக்களில் சுமார் 97 விழுக்காடு பாசிட்ரானை உமிழ்ந்து சிதைகின்றன. பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானுடன் சேர்ந்து அழியும்போது, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரு காமாக் கதிர்கள் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் வெளிப்படுகின்றன. நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணரிகள் இவ்விரண்டையும் ஒரே வேளையில் பதிவு செய்வதால், அவை தோன்றிய இடத்தைக் கணிக்க முடிகிறது.

புளோரின்-18 இணைக்கப்பட்ட குளுக்கோசு போன்ற சேர்மம் எஃப்.டி.ஜி. எனப்படும். உயிரணுக்கள் இதனைக் குளுக்கோசைப் போலவே உள்ளிழுக்கின்றன. ஆனால் முழுமையாகச் சிதைக்க இயலாததால் இது உள்ளேயே தங்கிவிடுகிறது. குளுக்கோசை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் புற்றுநோய்க் கட்டிகள் படத்தில் தனித்துத் தெரிவது இதனாலேயே ஆகும்.

சைக்ளோட்ரானில் உற்பத்தி

சைக்ளோட்ரானை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் உருவாக்கினார். இதற்காக அவருக்கு 1939ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதில் காந்தப்புலம் மின்னூட்டத் துகள்களை வட்டப்பாதையில் வளைக்கிறது. மாறுதிசை மின்புலம் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் கூடக்கூடப் பாதையின் ஆரமும் பெருகுகிறது.

மருத்துவச் சைக்ளோட்ரான்கள் பலவற்றில் எதிர்மின்னூட்ட ஹைட்ரஜன் அயனிகள் முடுக்கப்படுகின்றன. இவை மெல்லிய கார்பன் தகட்டைக் கடக்கும்போது இரு எலக்ட்ரான்களையும் இழந்து புரோட்டான்களாகின்றன. மின்னூட்டம் மாறியதால் அவை எதிர்ப்புறமாக வளைந்து வெளியேறி இலக்கைத் தாக்குகின்றன. இவற்றின் ஆற்றல் பொதுவாக 11 முதல் 18 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும்.

இலக்காக ஆக்சிஜன்-18 செறிவூட்டப்பட்ட நீர் சில மில்லிலிட்டர் அளவில் வைக்கப்படுகிறது. இயற்கை ஆக்சிஜனில் இந்த ஓரிடத்தான் சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே உள்ளதால் இந்நீர் விலை மிகுந்தது. ஆக்சிஜன்-18 அணுக்கரு ஒரு புரோட்டானை ஏற்று ஒரு நியூட்ரானை வெளியேற்றும்போது புளோரின்-18 ஆகிறது.

காலக் கட்டுப்பாடு

உற்பத்தியாகும்போதே புளோரின்-18 சிதையவும் தொடங்கிவிடுகிறது. ஒரு அரைவாழ்வுக் காலம் புரோட்டான்களைச் செலுத்தினால், பெறக்கூடிய உச்ச அளவில் 50 விழுக்காடும், இரு அரைவாழ்வுக் காலம் செலுத்தினால் 75 விழுக்காடும் கிடைக்கும். அதற்குமேல் கிடைக்கும் கூடுதல் பயன் விரைவாகக் குறைகிறது.

பின்னர் காரீயக் கவசமிட்ட அறையில் தானியங்கிக் கருவி எஃப்.டி.ஜி.யைத் தயாரிக்கிறது. தூய்மைச் சோதனைகள் முடிந்ததும் மருந்து அனுப்பப்படுகிறது. நுண்ணுயிரின்மைச் சோதனையின் முடிவு தெரிய 14 நாட்கள் ஆகும் என்பதால், அதற்கு முன்பே மருந்து செலுத்தப்பட்டுவிடுகிறது. ஆகவே தயாரிப்பு முறையின் தூய்மையே நோயாளிக்கு முதன்மையான பாதுகாப்பு ஆகும்.

தயாரிப்பிடத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்ல 110 நிமிடங்கள் ஆனால் கதிரியக்கத்தில் பாதியும், 220 நிமிடங்கள் ஆனால் கால் பங்கும் எஞ்சும். எனவே பெட் கருவி இருந்தாலும், சில மணி நேரப் பயணத் தொலைவில் சைக்ளோட்ரான் இல்லாத ஊரில் இச்சோதனையை நடத்துவது கடினம்.

வரலாறு

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்ட எஃப்.டி.ஜி. விமானம் மூலம் பிலடெல்பியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. இந்தியாவின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் 2002ஆம் ஆண்டு மும்பையிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் செயல்படத் தொடங்கியது.