மஞ்சளாகிவிட்டால் மாம்பழம் பழுத்துவிட்டதா?

ஆந்திராவில் பாகாலா பக்கம் கோடை என்றால் மாங்காய்தான். தாமலசெருவு மண்டியில் கிளிமூக்கும் பங்கனபள்ளியும் லாரி லாரியாக ஏறும். கிளிமூக்கில் பெரும்பகுதி சித்தூர் வட்டாரத்துக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பங்கனபள்ளி திருப்பதி, வேலூர், சென்னை என்று நேரே நம் வீட்டுக்கு வருகிறது. சீசன் தொடக்கத்தில் விலை உச்சத்தில் இருக்கும். அந்த விலைக்கு ஆசைப்பட்டு முற்றாத காயைப் பறித்து, 'கல்' வைத்து மஞ்சளாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்சியம் கார்பைட் என்னும் அந்தச் சாம்பல் நிறக் கல் வெல்டிங் பட்டறைக்கு உரியது. உணவின் பக்கத்திலேயே அது வரக்கூடாது.

மாங்காய்த் தோலில் மஞ்சள் நிறமி முன்பே இருக்கிறது. பச்சையம் அதை மூடியிருக்கிறது. காய் முற்றியதும் அதற்குள்ளேயே எத்திலீன் வாயு ஊறும். அதன் தூண்டுதலில் பச்சையம் சிதைந்து மஞ்சள் வெளியே தெரிகிறது. அதே சமயத்தில் உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு குறைகிறது, சதை இளகுகிறது, வாசனை பிறக்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் பழுப்பது. கார்பைட் கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். அது எத்திலீன் போலவே நடித்துத் தோலின் பச்சையை இரண்டு மூன்று நாளில் அழித்துவிடும். முற்றாத காயில் உள்ளே நடக்க வேண்டிய மாற்றங்களோ அரைகுறையாக நின்றுவிடும்.

அப்படிப்பட்ட பழத்தை அறுத்துப் பார்த்தால் தெரியும். தோல் முழுக்க ஒரே சீரான எலுமிச்சை மஞ்சள். கொட்டையை ஒட்டிய சதை மட்டும் வெளிறி, கடினமாக, புளிப்பாக இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்தால் மாம்பழ வாசனை வராது. கல் வைத்த பெட்டியில் பூண்டு வாடை அடிக்கலாம். அடியில் கல்லைக் கட்டி வைத்த பொட்டலத்தில் வெள்ளைத் தூள் கிடக்கும். அது கல் வாயுவை விட்டபின் மிஞ்சிய சுண்ணாம்பு. மாறாக, இமாம் பசந்த் ரகம் நன்றாகப் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். நிறத்தை மட்டும் நம்பி வாங்கினால் நல்ல பழத்தைத் தள்ளிவிட்டு மோசமானதை எடுத்து வருவோம். தண்ணீரில் போட்டால் மிதப்பது கார்பைட் பழம் என்று சொல்வார்கள். முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், முற்றாதது மிதக்கும். ஆகவே மிதப்பது முற்றாததற்கு அடையாளமே தவிர, கல் வைத்ததற்குச் சான்று ஆகாது.

ஆபத்து ருசிக் குறைவோடு நிற்பதில்லை. பட்டறைக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும். தலைச்சுற்றல், தீராத தாகம், வாந்தி, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இதனால் வரலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. ஒரு பழம் தின்றதும் எல்லோரும் படுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துவது சரியல்ல. ஆனால் குழந்தைக்குக் கொடுக்கும் பழத்தில் அந்த நஞ்சு துளியும் இருக்கக்கூடாது. குடோனில் வெறும் கையால் கல்லைப் பொட்டலம் கட்டும் கூலித் தொழிலாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவரைச் சுற்றிக் கிளம்பும் அசிட்டிலீன் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. 2025 தீபாவளியின்போது போபாலில் கார்பைட் கல்லில் தண்ணீர் விட்டு வெடிக்கவைக்கும் 'கார்பைட் துப்பாக்கி'யால் ஏராளமான குழந்தைகளுக்குக் கண்ணில் காயம் பட்டது இதே கல்லால்தான்.

கார்பைட் வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடை செய்திருக்கிறது. வியாபாரிக்கு வேறு வழி இல்லை என்று சொல்ல முடியாது. மூடிய அறையில் 10 லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயு விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. எத்திலீனை வெளிவிடும் எத்திபான் என்னும் ரசாயனத்தின் கரைசலில் காயை முக்கி எடுப்பதற்கு அனுமதி இல்லை.

பழத்தைச் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். 14 நாளில் அறிக்கை வரும். விதிமீறல் இருப்பதாக அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பழத்தில் கார்பைட் தடயத்தைப் பிடிப்பது கடினம். கல் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதே வலுவான வழி. குடோனில் பழப்பெட்டியோடு கார்பைட் கிடந்தாலே அதைச் சூழ்நிலைச் சாட்சியமாகக் கொண்டு வழக்குத் தொடரலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

உடல்நலம் கெட்டால் அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி இழப்பீடு உண்டு. அது தவிர, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்குக்கு ரசீதும் மருத்துவச் சீட்டும் வேண்டும். வண்டிக்கடையில் ரசீது கிடைக்காது என்பதால், கடை, பெட்டி, பழம் மூன்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

கார்பைட் பொட்டலத்தைக் கண்டால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 1800 112 100 என்ற இலவச எண்ணிலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலோ அன்றைக்கே சொல்லுங்கள். மறுநாள் வரை பொறுத்தால் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.