தொட்டியின் அளவுக்கு மீன் வளருமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலை ஏலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சில நாட்களில் ஆள் உயரப் பெரிய மீன்களை இருவர் சேர்ந்து தூக்கி வருவார்கள். அப்படி ஒரு மீனை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அவ்வளவு பெரிதாக வளரக்கூடிய மீன்களையே பலர், விரல் நீளக் குஞ்சாக இருக்கும்போது, பாலிதீன் பையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கு வளர்த்து விற்கப்படும் மீன்களில் பெரும்பாலானவை சிறியவை. அலங்கார மீன் வணிகத்தில் வேட்டை மீன்களும் உண்டு. முதலையைப் போல நீண்ட வாயும் கூரிய பற்களும் கொண்ட ‘அலிகேட்டர் கார்’ அவற்றுள் ஒன்று. இதன் தாயகம் வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. 2011-ஆம் ஆண்டு அங்கே பிடிபட்ட ஒரு மீன் ஏறத்தாழ 2.57 மீட்டர் நீளமும் 148 கிலோ எடையும் இருந்தது! அமேசான் நதியின் சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டருக்கு மேல் வளரும். வெள்ளி அரோவானா ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும்.

“தொட்டி சிறியதாக இருந்தால் மீனும் சிறியதாகவே இருந்துவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். இது சரிதானா?

ஒரு சிறு கணக்கு

ராயபுரத்தில் உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் 10 செ.மீ. நீளமுள்ள கார் குஞ்சு ஒன்றை வாங்கினான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய தொட்டி 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். விளிம்புவரை நிரப்பாததால் அதில் சுமார் 100 லிட்டர் நீர் இருக்கும்.

குஞ்சு 40 செ.மீ. ஆகிறது. நீளம் 4 மடங்கு. எடை? உடல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் வளர்வதால் எடை 4 × 4 × 4, அதாவது சுமார் 64 மடங்கு! 30 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 40 செ.மீ. மீன் உடலை வளைக்காமல் திரும்பக்கூட முடியாது.

இனி அதன் உணவைப் பார்ப்போம். தினமும் 10 கிராம் மீன் அல்லது இறால் சதை போடுகிறான். அதில் புரதம் சுமார் 2 கிராம். புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். அதில் பாதி உடல் வளர்ச்சிக்குப் போனாலும், மறுபாதி பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறும். கணக்குப் போட்டால் ஒரு நாளில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சேர்ந்தாலே பல மீன்கள் துன்புறும். நீர் வெப்பமாகவும் காரத்தன்மையுடனும் இருந்தால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை இன்னும் கூடும். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா!

வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டும் நீரில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பாதித் தொட்டி என்றால் 50 லிட்டர், அதாவது மூன்று நான்கு குடம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில் அது எளிய செலவன்று.

ஏமாற்றும் மூச்சு

மீன்கள் வாழ்நாள் முழுவதும் வளரும் இயல்புடையவை. கழிவு சேர்ந்த நீரிலும் நெருக்கடியிலும் வளர்ச்சி மெதுவாகும், முதுகெலும்பு கோணலாகலாம், நோய் எளிதில் தொற்றும். “தொட்டிக்கு ஏற்ப வளர்ந்தது” என்று நாம் சொல்வது உண்மையில் நலிந்துபோன மீனைத்தான்.

கார் மீனிடம் இன்னொரு வியப்பும் உண்டு. அதன் காற்றுப்பை நுரையீரலைப் போலவும் வேலை செய்கிறது. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். மற்ற மீன்கள் திணறும் நீரிலும் கார் உயிரோடு இருப்பதால், “நன்றாகத்தான் இருக்கிறது” என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அம்மோனியா அதன் செவுள்களை அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

கழிமுகத்தில் விட்டால்?

ஒருநாள் மீன் தொட்டிக்கு அடங்காமல் போகும். கொல்ல மனம் வராது. “எண்ணூர்க் கழிமுகத்தில் விட்டுவிட்டால் பிழைத்துப் போகட்டும்” என்று தோன்றும். இங்கேதான் பெரிய ஆபத்து.

கார் உவர்நீரிலும் வாழும். 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. கழிமுகத்தின் இறாலும் மடவையும் நண்டும் திருவொற்றியூர், எண்ணூர் மீனவர்களின் சோறு. அனல்மின் நிலையச் சாம்பலாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயாலும் அந்த நீர்நிலை ஏற்கெனவே நொந்து போயிருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய ஒரு கருஞ்சிப்பியும் அங்கே புகுந்துவிட்டது. மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி வரும் நீரோடு அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது அடித்தரையில் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, மட்டிகளும் இறால்களும் வாழும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்நிய உயிர் ஒன்று வேரூன்றிவிட்டால் அதை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டுமா?

வேட்டை மீன்களும் நம் நாட்டு நீரில் தலைகாட்டிவிட்டன. 2018-இல் கேரளப் பெருவெள்ளத்துக்குப் பிறகு அமேசானின் அரபைமா, அலிகேட்டர் கார் ஆகியவை அங்குள்ள ஆறுகளில் பிடிபட்டன. 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியிலும் ஒரு கார் கிடைத்தது.

நீங்கள் செய்யக்கூடியது

மீன் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு நீளம்?” கடைக்காரர் சொல்வதை நூலகத்திலும் சரிபாருங்கள். சிறு தொட்டிக்கு நான்கைந்து சென்டிமீட்டரே வளரும் வரிக்குதிரை மீன்கள் ஏற்றவை. கூட்டமாக நீந்துவது கண்ணுக்கு விருந்து. குளோரின் கலந்த குழாய் நீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகு ஊற்றுங்கள். பெரிய மீன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலோ மீன்வளத் துறையிலோ ஆலோசனை கேட்கலாம். எந்த வளர்ப்பு மீனையும், சிறியதே ஆனாலும், கால்வாயிலோ ஏரியிலோ விடாதீர்கள்.

கடைசியாக ஒரு செயல். பள்ளித் தாழ்வாரத்தில் சாக்கட்டியால் இரண்டரை மீட்டர் நீள மீன் ஒன்றை வரையுங்கள். அதன் பக்கத்தில் 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு கட்டம் போடுங்கள். மீனின் தலையைக் கட்டத்துக்குள் வைத்தால் வால் எங்கே இருக்கிறது என்று உங்கள் நண்பர்களையே சொல்லச் சொல்லுங்கள்.