ஹைக்குவில் குடியேறிய மேசா

கணிப்பொறித் திரையில் ஒரு கோளம் ஒளிபட்டுச் சுழல்கின்றது. அதனை வரையும் வேலையை ஒவ்வொரு செயலியும் தானே முதலிலிருந்து எழுதிக்கொள்வதில்லை. முக்கோணங்களை நிறத்தால் நிரப்புவதற்கும், ஒளிநிழலைக் கணக்கிடுவதற்கும் வேண்டிய நிரல்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு ஒரு தொகுப்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. இதனையே வரைகலை நூலகம் என்கிறோம். இங்கே ஏடுகள் இல்லை. பலரும் எடுத்தாளும் பொதுச் சொத்து என்பதனால் அப்பெயர் பெற்றது.

அத்தகைய நூலகங்களுள் ஒன்று மேசா. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1992-இல் ஓப்பன் ஜி.எல். என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அவ்விதிகளை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வண்ணம் நிரலாக்கும் பணியைப் பிரையன் பால் 1993-இல் தொடங்கி, 1995-இல் மேசாவாக வெளியிட்டார். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் அது ஆழ வேரூன்றியது.

ஹைக்கு என்பது அளவிற் சிறிய வேறோர் இயங்குதளம். ழான் லூயி காஸே 1990-இல் நிறுவிய பீ நிறுவனம் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் படைத்தது. 2001-இல் அந்நிறுவனத்தின் சொத்துக்கள் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. பீஓஎஸ் மறைந்துவிடக் கூடாது என்று கருதிய ஆர்வலர்கள் அதே ஆண்டில் அதனைப் புதிதாக எழுதத் தொடங்கினர். அதுவே 2004-இல் ஹைக்கு என்ற பெயரைப் பெற்றது. 2024-இல் அதன் ஐந்தாம் பீட்டா வெளியாயிற்று. பணியாற்றுவோர் மிகச் சிலரே. மேசாவை அங்கே கொண்டுசேர்ப்பது எத்தகைய வேலை என்பதே நம் கேள்வி.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிவிடலாம். புதிய ஊரில் தண்ணீர் எந்நேரம் வரும், ரேஷன் அட்டையை எந்த அலுவலகத்தில் மாற்றுவது என்பனவற்றைப் போன பின்னரே அறிய முடியும். மேசாவின் மூலநிரலை நகலெடுப்பது நொடிப்பொழுது வேலை. அது எதை எங்கே எதிர்பார்க்கிறது என்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

சான்றாக, கணித வேலைகளுக்கெனத் தனியொரு சிறு நூலகம் இருக்கும் என்று லினக்ஸ் நிரல்கள் எதிர்பார்க்கின்றன. ஹைக்குவில் அது தனியாக இல்லை. லிப்ரூட் என்ற பெரிய அடிப்படை நூலகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே எல்லா நிரலும் சரியாக இருந்தும், இறுதியாகத் துண்டுகளை இணைக்கும் கட்டத்தில் 'நூலகம் காணவில்லை' என்று கட்டுமானம் நின்றுபோகும். கோப்புகளை வைக்கும் இடங்களும் வேறு. இவை சில்லறைத் தொல்லைகள். ஓரிரு வரித் திருத்தத்தில் தீரும்.

சாளரம் அவ்வாறன்று. வரைந்த படத்தைத் திரையில் காட்ட லினக்ஸில் எக்ஸ் என்ற சாளர முறை நெடுங்காலமாக வழங்கி வந்தது. ஹைக்குவில் அதற்கெனத் தனிப் பணியகமும், பீஓஎஸ் வழிவந்த வேறு கட்டளைகளும் உள. எனவே இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் போன்ற ஒரு நிரலடுக்கு வேண்டியிருந்தது. அது எழுதப்பட்டு மேசாவிலேயே இடம்பெற்றுள்ளது. இங்கே நுட்பமான பிழைகள் நேரக்கூடும். ஒரு புள்ளியின் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் ஒருவர் எழுத, நீலம், பச்சை, சிவப்பு என்று மற்றவர் படித்தால், செக்கர் வானம் நீலமாகிவிடும்!

இவற்றினும் கடியது ஒன்றுண்டு. மனிதர் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவியைத் தொகுப்பி என்பர். பழைய பீஓஎஸ் செயலிகள் 1999-ஆம் ஆண்டின் ஜி.சி.சி. 2.95 தொகுப்பியின் முறைப்படி அமைந்தவை. பின்வந்த பதிப்புகள் சி பிளஸ் பிளஸ் மொழியின் செயற்கூறுகளுக்கு உள்ளே இடும் பெயர்களையே மாற்றிவிட்டன. ஆதலின் புதிய தொகுப்பியில் உருவான நூலகத்தைப் பழைய செயலி அழைத்தால், அது தேடும் பெயர் அங்கே இராது. பழைய தொகுப்பிக்கோ மேசாவின் இன்றைய நிரல் புரியாது. பழைய செயலிகளைக் கைவிட மனமில்லாத ஹைக்கு, தன் 32 பிட் பதிப்பில் இருவகை நூலகங்களையும் அருகருகே வைத்தது: பழையவற்றுக்குப் பழைய மேசா, புதியவற்றுக்குப் புதிய மேசா. 64 பிட் பதிப்பில் இந்த இரட்டைக் குடித்தனம் இல்லை. பழைமைக்குக் கொடுத்த விலை சற்று மிகுதி என்பதே என் கருத்து. ஆயினும் அந்தப் பற்றே இத்திட்டத்தின் பிறப்புக்குக் காரணம் என்பதையும் மறத்தற்கில்லை.

இத்தனையும் முடிந்த பின்னும் ஒரு பெருங்குறை எஞ்சுகிறது. மேசாவிலுள்ள வரைகலை அட்டை இயக்கிகள் பெரும்பாலும் லினக்ஸின் கருப்பகுதியிலுள்ள தனி அமைப்பொன்றை நம்பி எழுதப்பட்டவை. நூலகம் குடிபெயர்ந்தாலும் அந்த அடித்தளம் உடன் வருவதில்லை. அதனால் ஹைக்குவில் பெரும்பாலும் மையச் செயலகமே படத்தை வரைகிறது. எல்.எல்.வி.எம். பைப் என்ற பகுதி, திரையை 64க்கு 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பகுத்து, செயலகத்தின் பல கருக்களுக்கும் பங்கிட்டுத் தருகிறது. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமாயின், நொடிதோறும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்! எளிய காட்சிக்கு இது போதும்; பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது. அட்டைகளை நேரடியாக இயக்கும் முயற்சிகளும் நடைபெற்று வருகின்றன.

கட்டுமான முறையை ஹைக்குபோர்ட்டர் என்ற கருவி 'ரெசிபி' எனும் குறிப்பேட்டிலிருந்து படித்துக்கொள்கிறது. எந்த மூலநிரல், எந்தத் திருத்தங்கள், எந்த வரிசை என்பன அதில் இருக்கும். அத்திருத்தங்களை மேசாவின் மூலக் குழுவே ஏற்றுக்கொண்டால் நலம். இல்லையேல் மேசாவின் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் அவற்றை மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். 2019-இல் மேசா தன் பழைய கட்டுமான முறையை நீக்கி மீசான் என்ற முறைக்கு மாறியது போன்ற காலங்களில் சிறு குழுக்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.

கட்டி முடித்த நூலகத்தைச் சோதிக்க ஹைக்குவில் ஒரு தேநீர்க் குடுவைச் செயலி உண்டு. யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-இல் கணித முறையில் வடித்த குடுவையே அது. அது திரையில் சுழலும்போது, நொடிக்கு எத்தனை முறை வரையப்படுகிறது என்ற எண்ணும் உடன் தோன்றும்.