வேப்பம்பட்டு மின்சார ரயில் 'பொம்மை ரயில்' ஆவது எப்படி? போட்டோவில் ஒரு மங்கல் மேஜிக்!

வேப்பம்பட்டில் மூன்றாவது மாடி மொட்டை மாடி. கீழே திருவள்ளூர் போகும் மின்சார ரயில். போனில் ஒரு கிளிக். ரயிலுக்கு மேலேயும் கீழேயும் மட்டும் படத்தை மங்கலாக்கினால், 'அட, இது கொலு பொம்மையா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். இதுதான் 'மினியேச்சர் எஃபெக்ட்'.

மூளை ஏன் ஏமாறுகிறது?

ஒரு மோதிரத்தை மிக அருகில் வைத்துப் படமெடுங்கள். ஒரு சின்னப் பகுதிதான் தெளிவாக இருக்கும், மற்றதெல்லாம் மங்கிவிடும். தூரத்துத் தெருவை எடுத்தால் கிட்டத்தட்ட எல்லாமே தெளிவாக விழும். அதனால், மங்கல் அதிகம் என்றால் 'பொருள் பக்கத்தில் இருக்கு, அப்போ சின்னதுதான்' என்று மூளை கணக்குப் போடுகிறது. தூரத்துக்கு ஏற்ப மங்கல் கூடினால் இந்த ஏமாற்றம் வலுவாக வேலை செய்யும் என்பதை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள்.

முன்பு இதற்கு 'டில்ட்-ஷிஃப்ட்' என்ற விலை உயர்ந்த லென்ஸ் தேவைப்பட்டது. இத்தாலியக் கலைஞர் ஒலிவோ பார்பியேரி, ஹெலிகாப்டரில் பறந்தபடி அந்த லென்ஸில் நகரங்களைப் பொம்மைகளாக்கிப் பிரபலமானார். இப்போது போன் போதும்.

செய்வது எப்படி?

* உயரத்தில் இருந்து, கீழ்நோக்கி எடுங்கள். நாம் பொம்மையை மேலிருந்துதானே பார்ப்போம்!
* ரயில் படத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாகப் போகட்டும். நல்ல வெயில் நேரம் சிறந்தது.
* ஸ்னாப்சீட் செயலியில் 'லென்ஸ் ப்ளர்' கருவியைத் திறந்து, வட்டத்தை நேர்கோட்டுப் பட்டையாக மாற்றுங்கள். பட்டையை ரயில் மேல் வையுங்கள்.
* கடைசியாக 'சாச்சுரேஷனை' கொஞ்சம் கூட்டுங்கள். பெயின்ட் அடித்த பொம்மை போல நிறம் வரும்.

எங்கே சொதப்பும்?

ரயிலுக்குப் பக்கத்தில் தென்னை மரமோ செல்போன் டவரோ நின்றால் கவனம். அடிப்பகுதி தெளிவாகவும், அதே தூரத்தில் உள்ள உச்சி மங்கலாகவும் தெரியும். குட்டு உடைந்துவிடும். உயரமான எதுவும் குறுக்கிடாத கோணத்தைத் தேடுங்கள்.

இரண்டு விஷயம் மறக்காதீங்க

நல்ல ஆங்கிள் வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதோடு, ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மொட்டை மாடியே போதும்.

அடுத்தது, எந்தப் படத்துக்கு இது வேண்டாம் என்பது. மழைக்காலத்தில் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, புகார் சொல்லப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இந்த எஃபெக்டைப் போட்டால், நிஜ வெள்ளம் பொம்மைக் குட்டையாகத் தெரியும். தண்ணீர் எங்கே வரை நிற்கிறது என்ற ஆதாரமும் மங்கலில் போய்விடும். ஸ்டேட்டஸுக்கு பொம்மை ஓகே; புகாருக்கு ஒரிஜினல் மட்டும்தான்.

அதனால் எடிட் செய்யும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வார ஞாயிறு, மாடிக்குப் போய் முயற்சி செய்து பாருங்களேன்!