ருஷ்ய மொழி கற்கும் வழி

பிறமொழி ஒன்றைக் கற்க விழைவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மொழியின் துணைகொண்டு அதைக் கற்பது என்பதாகும். வெளிமாநிலங்களில் வாழும் நாம் இக்கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைவீதியில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, வீட்டில் தமிழ் என மும்மொழிகளில் நாளைக் கழிக்கிறோம். நான்காவதாக ஒரு மொழியைப் பயிலப் புகும்போது, ஆங்கிலத்தில் எழுதிய பாடநூலையே கையில் எடுத்துக்கொள்கிறோம். ருஷ்ய மொழியைப் பொறுத்தவரை அது சுற்றுவழி. நேர்வழி நம் தாய்மொழியிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் நாட்டில் ருஷ்ய மொழியின் தேவை புதிதன்று. 1955-ல் பிலாய் உருக்காலைக்கான ஒப்பந்தம் சோவியத் நாட்டோடு கையெழுத்தாயிற்று. 1965-ல் ருஷ்ய மொழியைப் பயிற்றுவதற்கெனத் தில்லியில் ஒரு கழகம் தோன்றிற்று. பின்னர் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1984-ல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மா, ருஷ்ய மொழியைக் கற்றே பயிற்சி பெற்றார். சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்த பின்னரும் இத்தேவை ஒழிந்துவிடவில்லை. மருத்துவம் பயில ருஷ்யா செல்லும் இந்திய மாணவருள் தமிழரும் பலர். பாடங்களை ஆங்கிலத்தில் கேட்டாலும், மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளி தம் நோவைத் தம் மொழியிலேதான் சொல்லுவார். அச்சொல் விளங்காத மாணவருக்கு அவர் கற்ற கல்வி அந்த இடத்தில் பயன்படாது.

கற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. புது தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் ருஷ்யப் பண்பாட்டு இல்லங்கள் உள்ளன. ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் ருஷ்யம் பயிலலாம்.

அயல்நாட்டார்க்கெனப் பொதுவாக அமைந்த ருஷ்ய மொழித் தேர்வு ஆறு படிகளை உடையது. தொடக்கநிலை, அடிப்படைநிலை ஆகிய இரண்டும், அவற்றின் மேல் நான்கு சான்றுநிலைகளும் அவை. ஒவ்வொரு படியிலும் சொல்லும் இலக்கணமும், படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என ஐந்து பகுதிகள் உண்டு. தொடக்கநிலைக்கு ஏறக்குறைய 780 சொற்களும், அடிப்படைநிலைக்கு 1300 சொற்களும், முதற் சான்றுநிலைக்கு 2300 சொற்களும் வேண்டும். ருஷ்ய மொழியிலேயே பட்டப்படிப்பு மேற்கொள்ள விரும்புவோரிடம் இம்முதற் சான்றுநிலையை எதிர்பார்க்கின்றனர்.

முதற்படி எழுத்து. ருஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகள்: உயிரெழுத்து 10, மெய்யெழுத்து 21, தமக்கென ஒலியற்ற குறிகள் 2. ஆங்கிலம் அறிந்தவர் இங்கேதான் இடறுகிறார். ஆங்கிலத்தில் 'பி' எனப்படும் வடிவம் ருஷ்யத்தில் ரகரம்; 'எச்' வடிவம் னகரம்; 'சி' வடிவம் ஸகரம். ருஷ்யச் சொற்களைத் தமிழெழுத்தில் குறித்துவைத்துப் படிப்பதும் தீங்கு தரும். வீட்டைக் குறிக்கும் சொல்லையும், நூலின் ஒரு தொகுதியைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'தோம்' என்றே எழுத நேரும். முன்னது 'பந்து' என்பதில் உள்ள தகர ஒலியோடும், பின்னது 'பத்து' என்பதில் உள்ள தகர ஒலியோடும் தொடங்குவன. ஆதலின் முதல் நாள் தொட்டே ருஷ்ய எழுத்திலேயே எழுதிப் பழகுதல் நன்று. இவ்வுரையில் நாம் தரும் தமிழ் வடிவங்களும் ஒலியை ஒருவாறு காட்டுவனவே.

எழுத்தைக் கடந்தால் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 'இது புத்தகம்' என்று நாம் வினைச்சொல் இன்றிச் சொல்வது போலவே, 'ஏத்த க்னீகா' என்று இரு சொற்களில் ருஷ்யரும் சொல்கின்றனர். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு ருஷ்யர் கூறும் 'உ மிந்யா யேஸ்த் க்னீகா' என்பதும் சொல்லுக்குச் சொல் நம் தொடரே. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு 20 வயது', 'எனக்குப் பிடிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வனவற்றை அவர்களும் நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான உருபிலேயே சொல்கின்றனர். நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் அங்கு உண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். அவர்கள் தந்தை பெயரை நடுவே வைக்கின்றனர். டால்ஸ்டாயின் முழுப்பெயர் லெவ் நிக்கொலாயெவிச் டால்ஸ்டாய். அவர் தந்தையார் நிக்கொலாய். ஆசிரியரை அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து அழைப்பதே ருஷ்ய வகுப்பறை மரியாதை.

அடிப்படைநிலையைத் தாண்டும் இடத்தில் வேற்றுமைகள் வந்து நிற்கின்றன. பலர் மனந்தளர்ந்து விலகுவது இங்கேதான். ஆங்கிலத்தின் வழியே வருவோர்க்குப் பெயர்ச்சொல் ஆறு வேற்றுமைகளில் ஈறு திரிவது பெருஞ்சுமையாகத் தோன்றும். எட்டு வேற்றுமைகளைப் பிறந்தது முதல் பேசிவரும் நமக்கு அஃது ஏன் சுமையாக வேண்டும்? 'பேனாவால்' என்பதில் ஆல் உருபு செய்யும் தொழிலையே 'ரூச்கய்' என்பதன் ஈறும் செய்கிறது. இன்னும் நுட்பமான ஒப்புமையும் உண்டு. 'மேசை வாங்கினேன்' என்று உருபு தொக நிற்கச் சொல்லும் நாம், 'தம்பியைக் கண்டேன்' என்னுமிடத்தில் ஐ உருபை விடுவதில்லை. ருஷ்யத்திலும் மேசையைக் குறிக்கும் சொல் செயப்படுபொருளாகும்போது மாறாமல் நிற்க, உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் ஈறு திரிகிறது. நாம் உயர்திணை, அஃறிணை எனப் பிரிப்பதை அவர்கள் உயிருள்ளது, உயிரற்றது எனப் பிரிக்கின்றனர்.

வினைச்சொல்லின் பெரிய தடையும் இவ்வாறே நீங்கும். ருஷ்ய வினைகள் பெரும்பாலும் இணைகளாக வருவன: செயலின் நிகழ்வைக் கூறுவது ஒன்று, அதன் முடிவைக் கூறுவது மற்றொன்று. 'சித்தால்' என்றால் படித்தான் அல்லது படித்துக்கொண்டிருந்தான். 'ப்ரச்சித்தால்' என்றால் படித்து முடித்துவிட்டான். 'விட்டான்' என்னும் துணைவினையின் பொருளை அறிந்த நமக்கு இந்த வேறுபாட்டை உணர நெடுநேரம் வேண்டியதில்லை. நோயாளி மருந்தைக் குடித்துவந்தாரா, குடித்து முடித்துவிட்டாரா என்பது இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கும்.

தமிழ் உதவாத இடங்களும் உள. அஃறிணைப் பொருள்களுக்கு ஆண்பால், பெண்பால் கூறுவது நமக்குப் புதிது. ருஷ்யத்தில் மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் இவ்விரண்டும் அல்லாத பால். இங்கே நாம் வாழும் இடம் நமக்குத் துணை செய்கிறது. இந்தியையோ மராத்தியையோ பேசப் பழகியவர் இத்தொல்லையை ஏற்கெனவே கண்டவர். வடசொற்களை அறிந்தவர்க்கு அக்னி ருஷ்யத்தில் 'அகோன்' என்றும், துவாரம் 'த்வேர்' என்றும் உறவாக வந்து நிற்கும். அசையழுத்தம் மட்டும் செவியால் பழக வேண்டியது. 'மலக்கோ' என்னும் பாலின் பெயரில் ஒகரம் மூன்று முறை எழுதப்படினும், அழுத்தம் பெற்ற இறுதி ஒகரமே தன் ஒலியோடு ஒலிக்கும். 'போ' என்னும் ஒரு வினைக்கு ஈடாக நடந்து போவதற்கு ஒரு சொல்லும், ஊர்தியில் போவதற்கு வேறு சொல்லும் உண்டு. போய்வருவதைக் குறிக்க இவ்விரண்டிற்கும் தனித்தனி இணைகளும் உள. இவற்றை ஆசிரியர் வாய்மொழியால் நாள்தோறும் கேட்டே பெற வேண்டும்.

ஆகவே ருஷ்ய வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது எளிய யோசனையே. குறிப்பேட்டில் ருஷ்யத் தொடருக்கு எதிரே ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் தமிழ்த் தொடரையும் எழுதுக. ருஷ்யம் அறியாத தாயும் தந்தையும் அத்தமிழைச் சரிபார்த்து உதவலாம். 1960-ல் மாஸ்கோவில் வெளியான தமிழ்-ருஷ்ய அகராதியைத் தொகுத்த பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் நம் மொழியை நேரே கற்று, தம் மொழியோடு இணைத்தனர். மறுகரையிலிருந்து நாம் அவ்வாறே செல்ல இயலும். ஆனால் அதற்கு வீட்டில் தமிழ் வழக்கிழவாமல் இருத்தல் வேண்டும். 'எனக்கு', 'என்னிடம்', 'முடித்துவிட்டேன்' என்னும் சொற்களைப் பிழையின்றிப் பேசும் பிள்ளை, ருஷ்ய இலக்கணத்தில் ஒரு பாதியை வகுப்பில் நுழையுமுன்பே கற்றுக்கொண்ட பிள்ளையாகும்.